தராசில் யார் உட்கார்வது?

ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரை. 2017-ம் வருஷம். சீமைக்கருவேல மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டிருந்த சமயம். ஜே.சி.பி. ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "வந்தேறி மரம்யா... வேரோட பிடுங்கி எறியணும்" என்றார்.

பக்கத்தில் இருந்தவர் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர். நாற்பது வயசிருக்கும். மெதுவாகக் கேட்டார். "அண்ணாச்சி, மரம் என்ன பஸ் ஏறியா வந்துச்சு? யாரோ கொண்டாந்து போட்டாங்க. எங்கய்யா காலத்துலேருந்து அதை வெட்டிக் கரியாக்கித்தான் எங்க வீட்ல உலை கொதிக்குது. அது வந்தேறின்னா, அப்ப நான் யாரு?"

பெரியவர், "ஒன்ன யாருப்பா சொன்னா?" என்று முனகிவிட்டு பீடியைப் பற்றவைத்தார். பேச்சு அதோடு முடிந்தது.

ரெண்டு பேரில் யார் பக்கம் நியாயம்? ரெண்டு பக்கமும் இருக்கிறது. அந்த மரம் கண்மாய்க்குள் புகுந்தால் மற்ற செடிகொடிக்கு இடம் விடாது. தண்ணீர் வரும் ஓடையை அடைத்துக்கொள்ளும். பெரியவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வறண்ட பூமிக்கு விறகு கிடைக்குமே என்று அதன் விதையைக் கொண்டுவந்து தூவியவர்கள் மனிதர்கள்தான். அதை நம்பி ஏழைபாழைகள் ஒரு தலைமுறை பிழைத்தும் விட்டார்கள். கரி போடுகிறவர் சொன்னதிலும் தப்பில்லை.

நம்ம ஊர் மரம், நம்ம ஊர்ப் பிழைப்பு என்று வந்துவிட்டால் நமக்கு நிதானம் போய்விடும். ஆகவே இதே வழக்கை, நமக்கு மாமன் மச்சான் யாரும் இல்லாத ஒரு தூரதேசத்து ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போம். அங்கே வாதி, ஒரு எலி. பிரதிவாதி, கீரி மாதிரி ஒரு பிராணி.

எலியின் பெயர் நீரெலி. இங்கிலாந்தின் ஓடைக் கரைகளில் வளை தோண்டி, புல்லையும் தண்டையும் கொறித்து வாழ்வது. உருண்டை முகம், மயிருக்குள் மறைந்த சின்னக் காது, கால் கிலோ எடை. 1908-ல் வெளியான ஒரு புகழ்பெற்ற குழந்தைகள் நாவலில் படகு ஓட்டும் கதாபாத்திரமாகவே வருகிறது. ராமர் தடவிய அணில் என்று நம்ம வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்கிறோமே, அந்த மாதிரி அங்கே அதற்கு ஒரு செல்லம்.

பிரதிவாதியின் பெயர் மிங்க். சொந்த ஊர் வட அமெரிக்கா. நீரிலும் நிலத்திலும் வேட்டையாடும். ஒரு கிலோ எடை, பளபளவென்று கரும்பழுப்பு ரோமம். அந்த ரோமம்தான் அதன் தலையெழுத்து. சீமாட்டிகளின் கோட்டுக்காக 1929 வாக்கில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, கூண்டில் அடைத்து வளர்த்தார்கள். கூண்டு என்றிருந்தால் தப்புவதும் இருக்கும். தப்பியது. 1956-ல் டெவன் பகுதியில் ஒரு ஆற்றங்கரையில் அது தானாகவே குட்டி போட்டுப் பெருகுவது தெரிந்தது. 1960-களில் அரசாங்கம் பொறி வைத்துப் பிடித்துப் பார்த்தது. மாளவில்லை. கைவிட்டுவிட்டது.

நீரெலிக்குத் தெரிந்த தற்காப்பு ரெண்டே ரெண்டு. ஒன்று, தொபுக்கென்று தண்ணீரில் குதித்து மூழ்கிவிடுவது. இன்னொன்று, வளைக்குள் புகுந்துகொள்வது. அந்த ஊர் எதிரிகளுக்கு இது போதும். ஒருத்தன் வளைக்குள் நுழைய முடியாத பருமனாக இருப்பான். இன்னொருத்தன் தண்ணீரில் துரத்த மாட்டான். மிங்க் அப்படி இல்லை. நன்றாக நீந்தும். பெண் மிங்க்கின் ஒல்லி உடம்பு வளைக்குள்ளேயும் நுழைந்துவிடும். பல்லாயிரம் வருஷம் கைகொடுத்த வித்தை ஒரே பகையாளியிடம் பலிக்கவில்லை. 1990-களின் கடைசியில் கணக்கெடுத்தபோது, முன்பு நீரெலி இருந்த இடங்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் காலியாகியிருந்தன.

தீர்ப்பு சுலபம் என்று தோன்றுகிறதல்லவா? வெளியூர்க்காரன் வந்தான், உள்ளூர்க்காரனை அழித்தான். பிடி, கொல்லு.

கொஞ்சம் பொறுங்கள். இன்னும் ரெண்டு சாட்சிகள் இருக்கிறார்கள்.

முதல் சாட்சி, ஆற்றங்கரை. மிங்க் வருவதற்கு முன்பே நீரெலி குறைய ஆரம்பித்துவிட்டது. கரை விளிம்பு வரை ஏர் ஓட்டினார்கள். மாடுகளை விட்டு மிதிக்க வைத்தார்கள். வளைந்து வளைந்து ஓடிய ஓடைகளை வாய்க்கால் மாதிரி நேராக்கினார்கள். புல்லும் நாணலும் போனது, வளை தோண்டும் மண்ணும் போனது. மிச்சமிருந்த நீரெலிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒளிய இடமில்லாமல் நின்றன. அந்த நேரத்தில்தான் மிங்க் வந்து சேர்ந்தது. கடன்பட்டு நொடித்த வீட்டில் கடைசியாகப் பாத்திரம் தூக்கிப் போனவன்தான் திருடன் என்று பெயரெடுத்த மாதிரி.

ரெண்டாவது சாட்சி, நீர்நாய். அதுவும் ஆற்றுப் பிராணி. அந்த மண்ணின் பூர்வகுடி. மிங்க்கை விடப் பல மடங்கு பெரியது. ஒரு ஆற்றில் நீர்நாய் வலுவாக இருந்தால் மிங்க் பயந்துதான் நடமாட வேண்டும். ஆனால் மிங்க் பரவிய அதே காலத்தில் இங்கிலாந்து ஆறுகளில் நீர்நாயே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. காரணம், 1950-களில் வயலில் கொட்ட ஆரம்பித்த டீல்ட்ரின் போன்ற பூச்சிமருந்துகள். மருந்து தண்ணீருக்கு வந்தது. தண்ணீரிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து நீர்நாய்க்கு. ஆக, மிங்க் வந்தபோது ஆறு கிட்டத்தட்ட ஆளில்லாத வீடு. பூட்டுப் போட வேண்டியவனை நாமே விஷம் வைத்து அனுப்பிவிட்டோம்.

அப்புறம் அந்த மருந்துகளைத் தடை செய்தார்கள். 1978-ல் நீர்நாயைச் சட்டம் போட்டுப் பாதுகாத்தார்கள். மெதுமெதுவாகத் திரும்பி வந்தது. 2011-ல் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் நீர்நாய் இருக்கிறது என்று அறிவித்தார்கள். நீர்நாய் திரும்பிய ஆறுகளில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். ராத்திரியில் வேட்டையாடிய மிங்க், பகலில் நடமாட ஆரம்பித்திருந்தது. நீர்நாய் முழித்திருக்கிற நேரம் பார்த்து அது தூங்கப் போய்விட்டது! சில இடங்களில் எண்ணிக்கையும் குறைந்தது. இதனால் மட்டும் நீரெலி பிழைத்துவிடவில்லை. ஆனாலும் ஒன்று புரிகிறது. வந்தவனின் பலத்தில் பாதி, இருந்தவனை நாம் பலவீனமாக்கியதால் கிடைத்த பலம்.

சரி, சாட்சி விசாரணை முடிந்தது. இனி தர்மசங்கடம். மிங்க்கைக் கொல்லலாமா?

'கூடாது' என்று ஒரு கட்சி. 1998 ஆகஸ்டில் இந்தக் கட்சியின் தீவிரவாதிகள் சிலர் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஒரு பண்ணைக்குள் ராத்திரியில் புகுந்து கூண்டுகளை அறுத்துத் திறந்துவிட்டார்கள். சுமார் 6,000 மிங்க்குகள் வெளியே வந்தன. நோக்கம் இரக்கம். அந்தக் கூண்டு வாழ்க்கை எவ்வளவு கொடுமை என்று பார்த்தவர்களுக்கு அந்த இரக்கம் புரியும். ஆனால் நடந்தது என்ன? பிறந்ததிலிருந்து கூண்டைத் தவிர வேறெதுவும் தெரியாத பிராணிகள் ரோட்டில் அடிபட்டன, சுடப்பட்டன, பொறியில் மாட்டின. மிச்சமிருந்தவை பசிக்குக் கிடைத்ததைப் பிடித்துத் தின்றன. திறந்துவிட்டவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்கள். வளைக்குள் தூங்கிய நீரெலிதான் பாவம்.

கண்ணுக்குத் தெரிகிற உயிருக்கு இரங்குவது சுலபம். கண்ணில் படாத உயிருக்கும் சேர்த்து இரங்குவதற்கு நிதானமும் யோசனையும் வேண்டும்.

'கொல்லத்தான் வேண்டும்' என்பது இன்னொரு கட்சி. இவர்களிடம் எனக்குப் பயம் வேறு மாதிரி. கொல்லுவதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டால் மனிதனுக்கு அதில் ஒரு ருசி வந்துவிடும். அப்புறம் மிங்க், 'திருட்டுப் பிராணி', 'கொலைகாரப் பிராணி' ஆகிவிடும். அதை வதைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அது என்ன குற்றம் செய்தது? பசித்தது, தின்றது. எங்கே இறக்கிவிட்டார்களோ அங்கே பிழைத்தது. தப்பிப் பிழைப்பதைக் குற்றம் என்றால் இந்த உலகத்தில் நிரபராதி யார்?

இந்த இடத்தில் நமக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சிபிச் சக்கரவர்த்தி கதை. சோழர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொண்ட ராஜா. பருந்துக்குப் பயந்து ஒரு புறா அவன் மடியில் வந்து விழுகிறது. இதுவரை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். புறாவைக் காப்பாற்றினான், நல்ல ராஜா என்று முடித்துவிடுவோம். அந்தக் கதையின் உயிர் அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பருந்து பேசுகிறது. 'நீ இரக்கப்பட்டு என் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டாய். நான் பட்டினி கிடந்து சாவது தர்மமா?'

சிபி அதைக் கேட்டு 'போடா கொலைகாரப் பருந்தே' என்று கல்லெறியவில்லை. 'சரி, அவ்வளவு பசித்தால் எடுத்துக்கொள்' என்று புறாவையும் கொடுத்துவிடவில்லை. பருந்துக்கும் நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டான். தராசைக் கொண்டுவரச் சொல்லி, தன் தொடைச் சதையை அறுத்து வைத்தான். எடை சரியாகவில்லை. கடைசியில் தானே தராசில் ஏறி உட்கார்ந்தான்.

இத்தனைக்கும் அந்தப் பருந்தைக் கொண்டுவந்தது சிபி இல்லை.

மிங்க் கதையில் பருந்தைக் கப்பலில் ஏற்றிக் கூட்டி வந்ததே மனிதன்தான். அப்படியானால் தராசில் உட்கார வேண்டியது யார்? நீரெலியும் உட்கார்ந்தாகிவிட்டது, மிங்க்கும் உட்கார்ந்தாகிவிட்டது. கோட்டு விற்றுக் காசு பார்த்தவனும், கரையை உழுதவனும், மருந்து தெளித்தவனும் மட்டும் வேடிக்கை பார்க்கிறார்கள்.

தராசில் உட்காருவது என்றால் என்ன? தொடையை அறுப்பதில்லை. காசு, காலம், உழைப்பு, பொறுமை ஆகியவற்றை அறுத்து வைப்பது. அப்படி வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

கோய்ப்பு என்று தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெரிய நீர்க் கொறிப்பான். இதுவும் ரோமத்துக்காக அதே 1929 வாக்கில் இங்கிலாந்துக்கு வந்து, தப்பி, கிழக்கு மாவட்டங்களில் நாணற்காடுகளைத் தின்று கரைகளைக் குடைந்தது. பல வருஷம் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அரைகுறையாகக் கொல்லுவதில் ஒரு கொடுமை உண்டு. கொல்லக் கொல்ல, மிச்சமிருப்பது குட்டி போடும். கொலைக்கு முடிவே இராது. 1981-ல் ஒரு திட்டம் போட்டார்கள். பொறி வைக்க 24 ஆட்கள். வேலை முடிந்தால் பிழைப்புப் போய்விடுமே என்று அவர்கள் இழுத்தடிக்கக் கூடாதல்லவா? அதனால் காலத்தில் முடித்தால் மூன்று வருஷச் சம்பளம் வரைக்கும் போனஸ் என்றார்கள். 1989-ல் கோய்ப்பு இல்லை என்று அறிவித்தார்கள். கரிமூட்டம் போடுகிறவரின் கேள்விக்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. ஒன்றை ஒழிக்கக் கிளம்பும்போது, அதை வைத்துப் பிழைக்கிறவனின் உலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எஸ்டோனியா நாட்டில் ஹீயுமா என்றொரு தீவு. அங்கே வேறு சிக்கல். ஐரோப்பாவுக்கே சொந்தமாக ஒரு மிங்க் உண்டு. அமெரிக்க மிங்க் அதை விடப் பெரியது, முரடு. பண்ணையிலிருந்து தப்பிய இது, ஏற்கெனவே இருப்பிடம் இழந்து தவித்த உள்ளூர் மிங்க்கை விரட்டி, ஐரோப்பா முழுக்க அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டது. ஹீயுமாவில் மிங்க் பண்ணையை மூடினார்கள். தீவில் திரிந்த அமெரிக்க மிங்க்குகளைப் பிடித்து முடித்தார்கள். 2000-ம் வருஷத்திலிருந்து, டாலின் மிருகக்காட்சி சாலையில் வளர்த்த உள்ளூர் மிங்க்குகளைக் கொண்டுபோய் விட்டார்கள். முதலில் விட்டவற்றில் பல செத்தன. விடாமல் வருஷக்கணக்காகச் செய்தார்கள். இன்று அங்கே அவை தாமாகக் குட்டி போட்டு வாழ்கின்றன. கவனியுங்கள், முதலில் மூடியது பண்ணையை. குழாயை மூடாமல் தரையைத் துடைத்து என்ன பிரயோஜனம்? இங்கிலாந்திலும் ரோமப் பண்ணைகளைத் தடை செய்ய 2000-ல்தான் சட்டம் வந்தது. அதற்குள் 70 வருஷம் போய்விட்டது.

இன்று அங்கே கிழக்கு மாவட்டங்களில் தன்னார்வலர்கள் ஆற்றில் மிதக்கும் தெப்பங்களில் பொறி வைக்கிறார்கள். மிங்க் மாட்டினால் அந்தக் கருவியே செய்தி அனுப்பிவிடும். பிராணி மணிக்கணக்கில் கூண்டுக்குள் தவிக்காமல், ஆள் சீக்கிரம் போய் முடித்துவிடலாம். வேறு பிராணி மாட்டியிருந்தால் திறந்துவிடலாம். கொலைதான். மறைக்கவில்லை. என் கட்சி இதுதான்: கொன்றே ஆக வேண்டிய இடத்தில் வெறுப்பில்லாமல், வலி குறைவாக, ஒரேயடியாக முடிகிற மாதிரி செய்வது, செய்யும்போது 'இது என் கடன், அதன் குற்றமல்ல' என்று தெரிந்து செய்வது. ஜீவகாருண்யம் பேசிய வள்ளலார் மண்ணில் இருந்துகொண்டு இப்படிச் சொல்ல நாக்கு கூசத்தான் செய்கிறது. கூச வேண்டும். கூசாமல் கொல்லுகிறவனிடம்தான் நாம் பயப்பட வேண்டும்.

நம்ம ஊரில் மிங்க் இல்லை. காவிரியிலும் மோயாற்றிலும் நீர்நாய்கள் கூட்டமாக நீந்துகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் சின்ன நகம் கொண்ட குட்டி நீர்நாய் நண்டு பிடித்துத் தின்கிறது. ஆனால் தண்ணீருக்குள் நாமும் சும்மா இருக்கவில்லை. கண்மாயில் ஜிலேபிக் கெண்டை பிடிக்கிறோமே, பெயரைக் கேட்டால் அல்வாக்கடையில் பிறந்த மீன் மாதிரி இருக்கிறது. அது ஆப்பிரிக்க மீன். 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. ஏழைக்கு மலிவான மீன் என்ற நல்லெண்ணம்தான். நம்ம நாட்டு மீன்களை நெருக்கித் தள்ளிவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000-லேயே அரசாங்கம் தடை போட்டது. லாபத்துக்காகத் திருட்டுத்தனமாக வளர்ப்பது நின்றபாடில்லை. வெள்ளம் வந்தால் குட்டை உடைந்து, மீன் ஆற்றுக்குப் போகிறது. கூண்டு வேறு, கதை ஒன்று.

கடைசியாக அந்த வார்த்தைக்கு வருகிறேன். 'வந்தேறி.' கரி போடுகிறவர் மரத்தைச் சொன்னதற்கு ஏன் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்? ஏனென்றால் அந்த வார்த்தை மரத்தோடு நிற்பதில்லை என்று அவருக்குத் தெரியும்.

வந்ததெல்லாம் கெடுதல் என்றால் மிளகாயும் வந்ததுதான். அமெரிக்காவில் பிறந்து போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது. அது இல்லாவிட்டால் விருதுநகர் சந்தையில் வத்தல் ஏது? தக்காளி வந்தது. நிலக்கடலை வந்தது. ராஜபாளையம் என்ற பெயரே, சில நூறு வருஷங்களுக்கு முன் தெலுங்கு தேசத்திலிருந்து வந்து தங்கிய ராஜுக்களால் வந்தது என்பார்கள். அந்தக் கணக்கைத் தோண்டினால் நம்மில் யார் வீட்டுத் திண்ணை மிஞ்சும்? வெளியிலிருந்து வருகிற செடிகொடி, பிராணிகளில் பெரும்பாலானவை சும்மா வந்து, சும்மா இருந்துவிட்டுப் போகின்றன. கொஞ்சம்தான் மற்றதை அழிக்கின்றன. விஞ்ஞானம் கேட்பது, 'எங்கிருந்து வந்தாய்?' என்பது அல்ல. 'வந்து என்ன செய்கிறாய்?' என்பது.

மனிதர்கள் விஷயத்தில் அந்த உவமையே பொருந்தாது. மிங்க்கும் நீரெலியும் வேறு வேறு உயிரினம். ஒன்று மற்றதற்குச் சாப்பாடு. நாம் எல்லோரும் ஒரே இனம். வந்தவன் வீட்டில் பெண் எடுக்கலாம், பேரன் பிறந்தால் மூக்கு யார் ஜாடை என்று சண்டை போடலாம். மிங்க்குக்கு நீரெலியிடம், 'இந்தக் கரை உனக்கு, அந்தக் கரை எனக்கு' என்று பேசத் தெரியாது. நமக்குத் தெரியும். பஞ்சாயத்து உண்டு, சட்டம் உண்டு, சம்பந்தம் உண்டு. பேசத் தெரிந்தவர்களைப் பேசத் தெரியாத பிராணியின் பெயரால் அழைப்பது, அவர்களோடு பேசப் போவதில்லை என்று அறிவிப்பதுதான்.

ஆகவே, எங்கேயாவது ஒரு ஜீவன் நம்ம ஊர்க் கண்மாயையோ காட்டையோ கெடுக்கிறது என்று கேள்விப்பட்டால், கோபப்படுவதற்கு முன் இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். கூட்டி வந்தது யார்? இருந்தவனைப் பலவீனமாக்கியது யார்? இப்போது செலவு செய்யப் போவது யார்?

மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால், தராசைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். அது நம்ம வீட்டு வாசலில்தான் இருக்கிறது.